பட்டாளத்துத் தாத்தாவின் பெட்டி

(முதியோர் தினத்தையொட்டி நமது நிதியம் நடத்திய கூட்டத்தில், கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



"என்ன பேசுறது?" என்று கேட்டபோது, "ஒங்க வீட்டுப் பெரியவங்களப் பத்திப் பேசுங்க சேர்" என்றார்கள். ஆகவே என் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் லயத்தில் தாத்தாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். 'பட்டாளத்தார்' என்றுதான் சொல்வார்கள். சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள், "தாத்தா, யுத்தத்துல நீங்க சுட்டீங்களா?" என்று கேட்டேன். "சுட்டது ரொட்டிதான், போடா" என்று சிரித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. 1986இல் அவர் போய்விட்டார்.

அப்பாயி இறந்த பிறகுதான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இரண்டு பதக்கம், ஒரு போட்டோ. காகிதம் ஒன்றுகூட இல்லை.

காகிதம் ஏன் இல்லை என்பதை அப்பா சொன்னார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், கலியாணம் ஆனவர் 7 வருஷமும் மற்றவர்கள் 10 வருஷமும் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். தாத்தாவும் மனுப் போட்டார். ஆனால் அவர் பட்டாளத்தில் இருந்த வருஷங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோலில் பேர் இல்லை. "அந்த வருஷமெல்லாம் எங்க இருந்தே?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் பட்டாளத்துக் காகிதங்களை, மனு எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வாங்கிப் போனார். திருப்பித் தரவே இல்லை. மனு தள்ளுபடியானது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் குடியேறியது. தாத்தா போகவில்லை. யுத்தத்துக்குப் போய் வந்த மனுஷன், எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமலே கண்ணை மூடினார். எஞ்சியிருந்த நம்மவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது.

அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று தேட வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு அதனால்தான் வந்தது.

முதலில் பதக்கங்களைப் பார்த்தேன். பெயர் இல்லை. முதலாம் உலக யுத்தத்துப் பதக்கங்களில் விளிம்பைத் திருப்பினால் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். இரண்டாம் யுத்தத்தில் பிரித்தானியப் படையினருக்குப் பெயர் வெட்டாமலே கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பதக்கம் பேசும். வட்டமானதில் ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இரண்டு தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம், 1939, 1945 என்ற ஆண்டுகள். 28 நாள் முழுநேரச் சேவை செய்த படையினருக்குக் கொடுத்த யுத்தப் பதக்கம் அது.

மற்றது ஆறு முனை நட்சத்திரம். அதில் 'ஆப்பிரிக்கா ஸ்டார்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆப்பிரிக்காவில் சேவை செய்தவர்களுக்கு அது கிடைக்கும். அப்படியென்றால் நம்ம தாத்தா 1943 மே மாதத்துக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறார்! "மணக்காட்டுல இருந்தாராம், பேரீச்சம்பழம் தின்னாராம்" என்று அப்பாயி சொன்னதைக் கதை என்று நினைத்திருந்தோம். அது கதையல்ல.

அடுத்தது போட்டோ. தொப்பியில் உள்ள சின்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு துப்பாக்கி, ஒரு மண்வெட்டி, ஒரு பிக்காசு. பயனியர் படையின் சின்னம் அது. கப்பலில் சாமான் இறக்குவது, ரோடு போடுவது, தண்டவாளம் பதிப்பது, குண்டுப் பெட்டி சுமப்பது எல்லாம் அந்தப் படையின் வேலை. சிலோனிலிருந்து போன பயனியர்கள் எகிப்து, வட ஆப்பிரிக்கா என்று வேலை செய்திருக்கிறார்கள். 'உழைப்பு எல்லாவற்றையும் வெல்லும்' என்பது அந்தப் படையின் வாசகம். காலையில் நாம் பெரட்டுக்குப் போகிறோமே, அந்தச் சொல்லே பட்டாளத்துப் 'பரேட்'தான். தாத்தா ஒரு பெரட்டை விட்டு இன்னொரு பெரட்டுக்குப் போயிருக்கிறார். கையில் அதே மண்வெட்டி.

இனி அவருடைய சேவைப் பதிவேடு வேண்டும். பிரித்தானியப் படைப் பிரிவுகளில் இருந்தவர்களின் பதிவேடுகள் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்தன. 2022 முதல் அவற்றை லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு மாற்றி வருகிறார்கள். பெயர், பிறந்த திகதி, படை எண் தெரிந்தால் தேடுவது சுலபம். படை எண் என்னிடம் இல்லை. பெயரும் சிக்கல்தான். கங்காணி ஒரு மாதிரி எழுதுவார், கணக்கப்பிள்ளை ஒரு மாதிரி, பட்டாளத்துக் கிளாக்கர் இன்னொரு மாதிரி. தாத்தா பெயரை ஐந்து விதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது யுத்தத்தில் இறந்திருந்தால், பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் பெயரைத் தேடலாம். காசு கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா போன வருஷங்களில் அப்பாயி இங்கே என்ன செய்தார்? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா இறப்பர் ஜப்பான்காரன் கையில் போனது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் குண்டு விழுந்தது. நேசநாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் நாடு சிலோன்தான். லொறிச் சக்கரத்துக்கும் விமானச் சக்கரத்துக்கும் இறப்பர் வேண்டும். மரம் செத்தாலும் பரவாயில்லை, பாலை எடு என்று உத்தரவு. கேகாலை, இரத்தினபுரி மரங்களை மேலும் கீழும் வெட்டிப் பால் எடுத்தார்கள். வருஷத்துக்கு ஏறத்தாழ 1 லட்சம் தொன் இறப்பர் இந்தத் தீவிலிருந்து போனது. அந்தக் கத்தியைப் பிடித்தவர்களில் என் அப்பாயியும் ஒருத்தி. அவருக்குப் பதக்கம் இல்லை. ஆனால் அவர் பேர் செக்ரோலில் விழுந்திருக்கும். பழைய செக்ரோல் எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் தேடப் போகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் பெரியவர் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி தெரியாவிட்டால், "பெரிய வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். பழைய துண்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரம், போட்டோ எதையும் எறியாதீர்கள். போட்டோவின் பின்பக்கத்தையும் பாருங்கள். முக்கியமாக, மூலப் பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள். ஒரு காகிதம் கைமாறிப் போனதில் எங்கள் குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்தது. அது உங்களுக்கு வர வேண்டாம்.

தாத்தாவின் பதிவேடு வந்தால் அடுத்த முதியோர் தினத்தில் இங்கேயே வாசித்துக் காட்டுகிறேன்.