தீவிலிருந்து வந்த மூன்று காசுகள்

(நம் குடியிருப்பு நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். இந்த முறை வேறு ஏதாவது பேசலாம் என்று செயலாளர் கேட்டதால், இந்தச் சின்னப் பெட்டியோடு வந்திருக்கிறேன். இதில் மூன்று காசுகள் இருக்கின்றன. மூன்றும் தியூவில் செல்லுபடியானவை.

தியூ குஜராத் கரையை ஒட்டிய தீவு. பரப்பளவு சுமார் 40 சதுர கிலோமீட்டர்தான். 1535-இல் போர்த்துகீசியர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1961 டிசம்பர் 19 வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது. நமக்குச் சுதந்திரம் கிடைத்து 14 வருடம் கழித்துத்தான் கோவா, டாமனோடு சேர்ந்து தியூவும் இந்தியாவுக்கு வந்தது.

அங்கே செல்லுபடியான காசு சிவகாசிப் பக்கம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பட்டாசு லாரியில்தான். என் சித்தப்பா குஜராத்துக்குச் சரக்கு ஏற்றிப்போன டிரைவர். நான் சின்ன வயதில் தீப்பெட்டி லேபிள் சேர்ப்பேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். "லேபிள் எல்லாம் இங்கேயே கிடைக்கும், இதைச் சேர்த்துப் பார்" என்று ஊனா பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கிய மூன்று காசுகளைக் கையில் கொடுத்தார்.

முதல் காசு 1952-ஆம் வருடத்து ஒரு ரூபியா. ஆமாம், போர்த்துகீசியரும் ரூபாயைத்தான் வைத்திருந்தார்கள். நமக்கு 16 அணா ஒரு ரூபாய் என்றால், அவர்களுக்கு 16 தாங்கா ஒரு ரூபியா. 1881, 1882 வருடங்களில் அவர்களுடைய ரூபியாவை அச்சடித்துக் கொடுத்ததே கல்கத்தா நாணயச் சாலைதான். எடையும் வெள்ளைக்காரன் ரூபாய் எடைதான், 11.66 கிராம். நம் ஊரிலிருந்து இரண்டு பேர் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே கல்கத்தா.

இந்த ரூபியாவில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1935-இல் வந்த ரூபியாவில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. 1947-இல் வந்ததில் 500 பங்கு. என்னிடம் இருக்கும் 1952-ஆம் வருடத்துக் காசில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் மட்டும். மூன்றையும் வரிசையாக வைத்தால், ஒரு பாடப் புத்தகமே வேண்டாம்.

இரண்டாவது காசு 1958-ஆம் வருடத்து 60 சென்டாவோ. பிள்ளைகளே, ஒரு கேள்வி. எந்த நாட்டிலாவது 60 பைசா நாணயம் பார்த்திருக்கிறீர்களா? அங்கே 30, 60 சென்டாவோ, 3, 6 எஸ்குடோ என்றெல்லாம் அடித்தார்கள். லிஸ்பன் தன் எஸ்குடோ கணக்கை அங்கே கொண்டுவந்தபோது, 6 எஸ்குடோ ஒரு ரூபியா என்று வைத்தது. ஒரு எஸ்குடோவுக்கு 100 சென்டாவோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சென்டாவோ என்பது ரூபியாவில் இருபதில் ஒரு பங்கு, அதாவது நம் 5 பைசா. 60 என்றால் 10 பைசா. 3 எஸ்குடோ எட்டணா. அரசாங்கம் பெயரை மாற்றிவிட்டது, சந்தையில் ஜனங்கள் ரூபாயில்தான் யோசித்தார்கள். காசு ஜனங்களுக்குப் பணிந்து போயிருக்கிறது.

மூன்றாவது இந்தச் சின்ன வெண்கலக் காசு, 10 சென்டாவோ. வருடம் 1961. அதாவது போர்த்துகீசிய ஆட்சியின் கடைசி வருடம். விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எனக்கு மூன்றில் இதுதான் உசத்தி.

அதே காசுதான் பாழாகியும் போனது. தீபாவளிக்கு முன்னால் குத்துவிளக்கு, செம்புப் பானை எல்லாம் புளி போட்டுத் துலக்கிய அம்மா, "இதுவும் கறுத்துக் கிடக்கே" என்று இதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். பளபளவென்று வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வருடக்கணக்கில் படிந்த அந்த நிறம் போனால் திரும்ப வராது, சேகரிப்பவர் யாரும் வாங்கவும் மாட்டார் என்பது எனக்கே பிறகுதான் தெரியும். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

ஆகவே முதல் பாடம், பழைய காசைத் துலக்காதீர்கள். இரண்டாவது, நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது, கறுத்துவிடும். பட்டாசு வேலைக்குப் போய்வந்த துணி கிடக்கும் அலமாரியில் வெள்ளிக் காசை வைக்காதீர்கள். ரப்பர் பேண்டும் போடாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. மலிவான பிவிசி ஆல்பத்தில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அமிலம் இல்லாத காகித உறை போதும். காசை எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

வாங்குவதாக இருந்தால் எடை பாருங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். வெள்ளி, வெண்கலம், செம்பு-நிக்கல் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. தியூவிலேயே முன்பு நாணயச் சாலை இருந்தது, ஈயத்திலும் தகரத்திலும் பசாருக்கு என்ற சில்லறைக் காசு அடித்தார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது எளிது, போலியும் எளிது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். இன்னொன்று, 100 வருடம் தாண்டிய காசு 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பக் கூடாது.

இனி, நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கான உண்மையான காரணம். நம் குடியிருப்பில் ஒரு பெரியவருக்குப் போன மாதம் போன் வந்தது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். "வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு இருக்கிறதா? 10 லட்சம் தருகிறோம்" என்றார்கள். காசு இருந்தது. பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று மூன்று தடவையில் ஒன்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. பணத்தைவிட, பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டு மூன்று வாரம் தூங்காமல் இருந்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த 5 ரூபாய் காசு 2012-ஆம் வருட முத்திரையோடு சாதாரணமாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு யாரும் லட்சம் தரமாட்டார்கள். பழைய காசு, நோட்டு வாங்க விற்கத் தன் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. காசை வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தருவான், உங்களிடம் பணம் கேட்க மாட்டான். இந்த ஒரு வரியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

நம் 'காசு' என்ற சொல்தான் போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய் ஆங்கிலத்தில் சின்னச் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' ஆனது. அவர்கள் நமக்குச் சாவியும் ஜன்னலும் அலமாரியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் பழைய காசு இருந்தால் அந்த அலமாரியைத் திறந்து எடுத்து வாருங்கள். விலை சொல்ல மாட்டேன், கதை சொல்கிறேன். இப்போது பிள்ளைகள் வந்து இந்த மூன்றையும் பார்க்கலாம். ஓரத்தைப் பிடித்து மட்டும்!