குறட்டையும் காய்ச்சலும்: தொழிலாளர் அறிய வேண்டியவை

(பினாங்கு தண்ணீர்மலையில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தையும் லயத்து வீடுகளையும் பற்றிப் பேசக் கூடுகிற இடத்தில் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். தூக்கமும் கூலியைச் சேர்ந்த விஷயந்தான் என்று எடுத்துச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

பெரட்டில் நின்றபடியே கண் சொருகுகிற தொழிலாளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "ராத்திரி தண்ணி போட்டிருப்பான்" என்பார் மண்டோர். "சோம்பேறி" என்பார் கிராணி. அவரோ இரவு 8 மணிக்கே படுத்தவர். அப்படியும் ஏன் தூக்கம் தீரவில்லை? அவர் மனைவியைக் கேளுங்கள். "லயமே கேட்கக் குறட்டை விடுவார், திடீரென்று சத்தம் நின்றுவிடும், மூச்சே இருக்காது, பிறகு திணறிக்கொண்டு எழுவார்" என்று அந்த அம்மாள் சொல்வார்.

தோழர்களே, இது சோம்பல் அன்று, நோய். தூக்க மூச்சுத்தடை என்று இதற்குப் பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுக் குழலின் வாயை அடைக்கின்றன. 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. உடனே மூளை அலறியடித்து உடலை எழுப்புகிறது. மணிக்கு 5 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் வைத்தியர்கள் அதை நோயாகக் கணக்கிடுகிறார்கள். 30 தடவைக்கு மேல் போனால் கடுமையான நோய். இரவெல்லாம் இப்படிப் போராடியவருக்குக் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், நாளடைவில் இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு. அரைத் தூக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனோடு சளிக் காய்ச்சல் சேர்ந்தால் என்ன? மூக்கு அடைக்கிறது, தொண்டை வீங்குகிறது. ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் குறுகுகிறது. குணமாவதற்குத் தூக்கம் வேண்டிய நேரத்தில் தூக்கமே கெடுகிறது. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், திடமான 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு நாலு மடங்குக்கு மேல் சளி பிடித்தது. விடியுமுன்பே உளியோடு புறப்படுகிற நமக்கு இது பெரிய செய்தி அல்லவா?

கொரோனா காலம் நினைவிருக்கும். 2020 மார்ச் 18-ல் நாடெங்கும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அந்நோய் கடுமையாவது அதிகம் என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டின. உடல் பருமனும் நீரிழிவும் அவர்களிடம் கூடவே இருப்பது அதற்கு ஒரு காரணம். அப்போது நாம் அணிந்த முகக்கவசத்துக்கும் இந்தப் பினாங்குக்கும் உறவு உண்டு. 1879-ல் இங்கே பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910-ல் மஞ்சூரியாவுக்குப் போய், நுரையீரல் பிளேக் மூச்சுக்காற்றால் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் வைத்த கவசத்தை அணியச் செய்தார். அது வேறு வகைக் கிருமி. ஆனால் பாடம் ஒன்றுதான்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். படுக்குமுன் மதுவைத் தொடாதீர்கள். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையும் அப்படியே. சளி மாத்திரைகளிலும் மயக்கம் தருபவை உண்டு; கேட்டு வாங்குங்கள். உடல் பருத்தவர்கள் எடையைக் குறைத்தால் குறட்டையும் குறையும். குழந்தை குறட்டை விட்டால் வேடிக்கை என்று விடாதீர்கள். உள்நாக்குச் சதையைக் காட்டுங்கள். கடுமையான நோய்க்கு, மூக்கின் வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் இயந்திரம் இருக்கிறது. ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன் கண்டது அது. அதை உபயோகிப்பவர்கள் காய்ச்சல் வந்ததும் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரைக் கேளுங்கள். குழாயையும் மூடியையும் தினமும் கழுவுங்கள். முடிந்தால் தனியறையில் படுங்கள். அது ஊதும் காற்றோடு கிருமியும் பரவும்.

காய்ச்சல் விட்டவுடனே ஓடாதீர்கள். இருமல் சில வாரம் நீடிக்கலாம். அசதி இன்னும் நாளாகலாம். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. திடமானவரே நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். காய்ச்சலில் எழுந்தவர் தைப்பூசம் என்று ஒரே மூச்சில் ஏறலாமா? முருகன் கோபிக்க மாட்டார். அடுத்த வருஷம் ஏறுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"லீவு போட்டால் சம்பளம் போகுமே" என்பீர்கள். 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டம் சம்பளத்தோடு நோய் லீவு தருகிறது. 2 வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்தில் 14 நாள். 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள். 5 வருஷமும் அதற்கு மேலும் 22 நாள். வைத்தியர் சீட்டு வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாகவே கணக்கு.

ஆபீஸ் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் புத்தகத்தில் எழுதும் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் சோறு. தூங்கி வழிகிறவரைச் "சோம்பேறி" என்று எழுதுமுன், "ராத்திரி குறட்டை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.

அந்த இயந்திரம் சில ஆயிரம் வெள்ளி. நாள் கூலிக்காரரால் தனியாக வாங்க முடியாது. ஆகவே அடுத்த ஒப்பந்தப் பேச்சில் தூக்க நோய்ப் பரிசோதனையும் சிகிச்சைச் செலவும் நம் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும். எட்டு மணி நேர வேலையைப் போராடிப் பெற்றது தொழிலாளர் உலகம். நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்கும் எட்டு மணி நேரத்தையும் கேட்போம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!