அடுத்த வளவுப் பிள்ளை
(சங்க ஆண்டுவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவிலே குழந்தைப் போட்டியொன்று நடத்தி, நன்றாக வளர்ந்த பிள்ளைக்குப் பரிசளிக்கலாமென்று சில அன்பர்கள் அபிப்பிராயம் தெரிவித்தார்கள். அதை மறுத்துப் பேசவே வந்திருக்கிறேன். படிப்பு முடியாத பிரமசாரிக்குப் பிள்ளை வளர்ப்பில் என்ன பேச்சு என்று அம்மம்மாமார் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும்.

நம் கரையோரத்திலே வீடு பெண்ணுக்குச் சீதனம். அக்காளும் தங்கையும் ஒரே வளவில், அன்றேல் அடுத்த வளவில் குடியிருப்பார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கந்தான். ஆகவே ஒரு முற்றத்திலே நாலைந்து குழந்தைகள் சேர்ந்து தவழுகின்றன. "பெரியம்மாவின் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, இது பதினாலாகியும் சுவரைப் பிடிக்கிறதே" என்ற பேச்சு எழாமல் என்ன செய்யும்? கண்ணூறு படுமென்று தன் பிள்ளையின் நிறையைச் சொல்ல அஞ்சுகிறவர்கள்கூடப் பிறர் பிள்ளையின் நிறையைக் கேட்காமல் விடுவதில்லை! இப்பேச்சின் பாரம் முழுவதும் இளந்தாயின் தலையில் விழுகிறது. உன் பால் போதாது, பால்மா கரைத்துக் கொடு என்பார்கள். நல்லாயிருந்த தாய்ப்பால் அத்தோடு குறையத் தொடங்குகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006 இல் முடிவை வெளியிட்டது. தனியே நடக்கத் தொடங்கிய வயது ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரை விரிந்திருந்தது. பிடியின்றி உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதம் வரை. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையூன்றி முழங்காலில் தவழவே இல்லை; ஆயினும் நடந்தார்கள். பத்து மாதப் பிள்ளையும் பதினாறு மாதப் பிள்ளையும் இருவருமே சரியான நேரத்தில் நடந்தவர்கள் என்பது இதன் பொருள். குறைமாதப் பிள்ளையானால் முந்திய வாரங்களைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை வைத்தியர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

நம் புலவர்களும் பிள்ளையைக் கூர்ந்து பார்த்தவர்களே. பிள்ளைத்தமிழிலே ஒரு முழங்காலை மடித்து, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வாரானை. இப்பருவங்களுக்குரிய மாதக் கணக்கோ பாட்டியல் நூலுக்கு நூல் வேறுபடும். முஸ்லிம் புலவர்கள் நபிகள் நாயகத்தின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள்.

அவசரத்தின் விளைவு ஒன்றையும் சொல்லவேண்டும். பிள்ளையை உள்ளே இருத்தி உருட்டும் சக்கர 'வோக்கர்' நடையை முந்தச் செய்வதில்லை. பிந்தச் செய்யவும் கூடும். படியில் உருண்டு தலையடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பிள்ளை தன் காலில் நின்று தள்ளும் நம் மர நடைவண்டி வேறு சாதி.

அப்படியானால் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதா? அங்கேதான் எனக்குப் பயம். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளாற் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. வாய் பேசாத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதைச் சொல்லி ஆறுதலளிப்பார்கள். நேர்த்தி வையுங்கள், தடையில்லை. ஆனால் காதையும் சோதியுங்கள். கேளாத பிள்ளை எப்படிப் பேசும்? பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல் சேராவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வந்த பேச்சோ நடையோ மறைந்தால் எந்த வயதிலும் தாமதிக்கலாகாது. "உன் தகப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்ற ஒரு வார்த்தையில் எத்தனை மாதங்கள் வீணாகின்றன!

பிறந்த பிள்ளைக்கெல்லாம் சுகாதாரத் திணைக்களம் ஒரு வளர்ச்சிப் பதிவேடு தருகிறது. அதிலுள்ள கோட்டிலே தேடவேண்டியது சென்ற மாதம் இதே பிள்ளையின் புள்ளி எங்கே நின்றது என்பதையே. அந்தப் புத்தகம் பல வீடுகளில் தடுப்பூசி நாளன்றுதான் அலுமாரியை விட்டு வெளியே வருகிறது.

எனவே போட்டிக்கென்று ஒதுக்கிய காலைப்பொழுதிலே, குடும்பநல மாதுவையும் ஒரு வைத்தியரையும் நம் மண்டபத்துக்கு அழைப்போம். தாய்மார் அந்தப் பதிவேட்டோடு வரட்டும். அடுத்த ஊர் முஸ்லிம் தாய்மாருக்கும் அழைப்பு அனுப்புவோம். தராசு ஒன்று, பாய் நாலு, தனியே பேச ஓர் அறை, இவ்வளவும் போதும். பரிசில்லாமல் விழாவா என்று கேட்பவர்களுக்காக, வருகிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்து கொடுக்கலாம். பந்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.