குறைபார்வையும் கைத் தொலைநோக்கியும்



பார்வையுள்ளவர், பார்வையற்றவர் என மனிதரை இரு கூறாகப் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். இவ்விரு கூறுகளுக்கும் இடையே பலர் வாழ்கின்றனர். மூக்குக்கண்ணாடியாலோ மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ முற்றாகத் திருத்த இயலாத குறை அவர்களுடையது. ஆயினும் பயன்தரத்தக்க பார்வை அவர்களிடம் எஞ்சியிருக்கிறது. இதனையே குறைபார்வை என்கிறோம். பிறவிக் குறைகளும், விழித்திரை நோய்களும், நீரிழிவும் இதற்குக் காரணமாகலாம். வன்னிப் பெருநிலத்திலோ, 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் வெடிகாயங்களையும் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது.

இத்தகையோர் தொலைவிலுள்ளதைக் காண உதவுவது கைத் தொலைநோக்கி. ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு குழல் அது, சட்டைப்பையில் அடங்கிவிடும். 1609இல் கலிலியோ வானை நோக்கித் திருப்பிய கருவியின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும்.

இது செய்வது யாது? நல்ல பார்வையுடையவர் 60 மீற்றரில் காணும் எழுத்தை 6 மீற்றரில் மட்டுமே காணக்கூடிய ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். கரும்பலகை அவளுக்கு 6 மீற்றர் தொலைவில் இருக்கிறது. நான்கு மடங்கு பெருக்கும் குழலை அவள் கண்ணில் வைத்தால், அப்பலகை ஒன்றரை மீற்றரில் நிற்பதுபோல் எழுத்துகள் பெரிதாகும். ஆசிரியர் எழுதியதைத் தானே வாசித்துத் தன் கொப்பியில் எழுதுவாள்.

ஆயினும் பெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. பெருக்கம் மிகுந்தால் காட்சிப்பரப்பு பொதுவாகக் குறுகும்; கையின் நடுக்கமும் அதே அளவு பெருகும். ஆகவே இதனைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடத்தல் ஆகாது. ஏ-9 வீதியில் ஓடிவரும் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிப்பதும் எளிதன்று. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பேருந்து 20 மீற்றரைக் கடக்க இரண்டு விநாடிகூட வேண்டியதில்லை. வவுனியா நிலையத்தில் நிற்கும் பேருந்தின் பலகையையோ, கடையின் பெயரையோ, அலுவலகச் சுவரிலுள்ள அறிவித்தலையோ வாசிக்க இது தக்க துணை. சூரியனை இதனூடாக ஒருபோதும் நோக்கலாகாது.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். பார்க்கவேண்டிய திசையை முதலில் வெறுங்கண்ணால் அறிந்து, அதன் பின்னரே குழலை உயர்த்த வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றினால் நடுக்கம் தணியும். குழலை மெல்லத் திருகிக் காட்சியைத் தெளிவாக்க வேண்டும். சுவரிலுள்ள நாட்காட்டி, முற்றத்துப் பாலை மரம் என அசையாப் பொருள்களில் தொடங்குவதே முறை.

எல்லார்க்கும் இது பொருந்துமென்றும் கூறுவதற்கில்லை. பார்வைப்பரப்பு மிகச் சுருங்கியவருக்கு இதனால் பயன் குறைவு. வெண்புரையாயின் சத்திரசிகிச்சையே தக்க வழி. ஆகவே கண் வைத்தியரின் பரிசோதனையே முதற்படி.

கருவியினும் அரியது ஒன்றுண்டு. அது சுற்றத்தாரின் நல்லறிவு. பலகையைக் காண இயலாத பிள்ளையைப் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று முடிவுகட்டிப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டால், பின்னர் எந்த வில்லையும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. குழலை உயர்த்தும் பிள்ளையைக் கண்டு வகுப்புத் தோழர் நகைப்பராயின், அது பைக்குள்ளேயே உறங்கிவிடும். ஆசிரியர்கள் அப்பிள்ளைக்கு முன்வரிசையில் இடமளித்து, பெரிய எழுத்தில் எழுதி, எழுதுவதை வாய்விட்டும் சொல்வாராக. இவற்றிற்குச் செலவேதுமில்லை. பெற்றோர், பிள்ளையின் கருவியை மறைத்துவைக்கவேண்டிய குறையாகக் கருதாதிருப்பாராக.

இழந்த பார்வையை இக்குழல் மீட்டுத் தராது. எஞ்சியதை வீணாக்காது காக்கும். அவ்வளவே அதன் பணி. ஒரு பிள்ளையின் கல்விக்கு அவ்வளவே போதுமானதாக அமைதலும் கூடும்.