கணக்கு எழுதிய கை



செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ளது திருக்கழுக்குன்றம். அவ்வூரில் முதலாம் ஆதித்த சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. கந்தசிட்டன் என்னும் அரசன் கோயிலுக்கு நிலம் அளித்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனைக் காத்தான். பின்வந்த சோழன், வேண்டிக்கொண்டவர் பொருட்டு, அதனை முன்போலவே நிலைநிறுத்தினான் என்பது அதன் செய்தி. அரசகுலமே மாறிய பின்னும் முன்னவர் பெயர் துடைக்கப்படவில்லை. பலர் கைபடும் ஆவணத்தை எவர் திருத்தலாம், திருத்தினால் பழையது என்னாகும் என்னும் வினா கணிப்பொறிக்கு முந்தியது என்பதற்கு இதுவே சான்று.

இன்று இலக்கிய வட்டங்கள் பலவும் நூற்பட்டியலையும் கவிதைத் தொகுப்பையும் கணிப்பொறித் தரவுத்தளத்தில் சேமிக்கின்றன. 1992-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்செஸ் அத்தகைய ஒன்று. ஒரே கோப்பை அலுவலகத்தின் பல கணிப்பொறிகளிலிருந்து திறக்கலாம். ஆயின் ஒருநாள் ஓர் உறுப்பினருக்கு மட்டும் கவிதையைப் படிக்க முடிகிறது, திருத்த முடிவதில்லை. உடனே அவருக்கு உரிமை மறுக்கப்பட்டதாக ஐயம் எழுகிறது. பெரும்பாலும் பழி அவர்மேலும் இல்லை, பிறர்மேலும் இல்லை.

முதலில் நோக்க வேண்டுவது கோப்பை அன்று. அது கிடக்கும் கோப்புறையை. ஒருவர் பொதுமுறையில் கோப்பைத் திறந்ததும், அதன் அருகிலேயே சிறு பூட்டுக் கோப்பு ஒன்று தோன்றும். யார் யார் உள்ளே இருக்கின்றனர் என்று அது குறித்துக்கொள்ளும். கடைசி ஆள் வெளியேறியதும் மறையும். கோப்புறையில் புதிதாக எழுதவும் அழிக்கவும் உரிமை இல்லாதவர் திறந்தால் பூட்டுக் கோப்பை உண்டாக்க இயலாது; தரவுத்தளம் படிப்பதற்கு மட்டும் எனத் திறந்துகொள்ளும். கோப்புக்கு மட்டும் உரிமை தந்துவிட்டுக் கோப்புறையை மறப்பது மிகப் பரவலான பிழை. ஏட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர இடம் கொடாதது போன்றது அது.

அங்கே குறையில்லையெனின், உறுப்பினர் எதனைத் திருத்த முயல்கிறார் என்று பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கவிஞரும் எத்தனை கவிதை எழுதினார் என்று கூட்டிக் காட்டும் வினவல், பல வரிசைகளின் தொகுப்பு. அங்கே தோன்றும் எண்ணை மாற்றுவதற்கு அதன் பின்னே தனியொரு பதிவு கிடையாது. எத்துணை உரிமை பெற்றவரும் அதனைத் திருத்தவியலாது. தரவு உள்ளிடும் படிவத்திலேயே திருத்தம் தடுக்கப்பட்டிருப்பதும் உண்டு. இவற்றை ஆராயாமல், 'எல்லார்க்கும் எல்லா உரிமையும்' என்று திறந்துவிடுவதே நடைமுறையில் காணும் மருந்து. நோயினும் கொடிது அம்மருந்து.

ஏன் என்பதற்கு உத்திரமேரூர் விடை தருகிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள அவ்வூரின் கல்வெட்டு, முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டினது, கி.பி. 921-ஐச் சார்ந்தது. குடவோலைக்காகவே எல்லாரும் அதனைப் போற்றுவர். கணக்கனைப் பற்றி அதன் இறுதியில் வரும் விதிகளைப் போற்றுவார் குறைவு. நேர்மையாகப் பொருளீட்டியவனே ஊர்க்கணக்கு எழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனப்பெறும் முன்னர் அவனை மீண்டும் அப்பணியில் அமர்த்தலாகாது. ஒருவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். வேறொரு கணக்கனைக் கொண்டு முடிக்கலாகாது. எழுதும் உரிமை, எழுதிய கையைப் பின்தொடரும் பொறுப்போடு அங்கே பிணைக்கப்பட்டிருந்தது.

அக்செஸின் பழைய எம்.டி.பி. வடிவில் பயனர்தோறும் பெயரும் கடவுச்சொல்லும் உரிமையும் வகுக்கும் ஏற்பாடு இருந்தது. 2007-இல் வந்த ஏ.சி.சி.டி.பி. வடிவில் அது நீக்கப்பட்டது. ஆகவே புதிய வடிவில், யார் உள்ளே இருக்கின்றார் என்பதைப் பூட்டுக் கோப்பு சொல்லும்; எந்தச் சொல்லை எவர் மாற்றினார் என்பதைத் தானாகச் சொல்லாது. வட்டத்துக்கு அஃது எளிய இழப்பன்று. பாடபேதம் தேடிச் சுவடி சுவடியாக அலைந்த உ.வே.சாமிநாதையர் பிரதிவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்துத் தந்தார். இங்கோ, கவிதையொன்றில் கவிஞர் வைத்த சொல்லை நண்பரொருவர் நல்லெண்ணத்தோடு மாற்றிச் சேமித்தால், பழஞ்சொல் எவ்விடத்தும் எஞ்சாது. எவரும் களவு செய்யவில்லை; ஆயினும் ஒரு கவிதை போய்விட்டது.

செய்யத்தக்கவை சிலவே. அட்டவணைகள் அடங்கிய கோப்பைப் பொதுக் கோப்புறையிலும், படிவங்கள் அடங்கிய முகப்புக் கோப்பை அவரவர் கணிப்பொறியிலும் பிரித்து வைத்தல் முதலாவது. மாமல்லபுரத்தில் இருக்கும் உறுப்பினர் செங்கற்பட்டுக் கோப்பை இணையவழி திறக்க வேண்டும் என்று அதனை மேகச் சேமிப்பின் ஒத்திசைவுக் கோப்புறையில் இடுவது கூடாது; ஒன்று இரண்டாகக் கிளைத்து, எது மூலம் என்று தெரியாத நிலை வரும். அக்செஸ் ஓர் அலுவலக வலைக்குள் இயங்கும் கருவி.

கவிதைக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு வேண்டும். கவிதையின் பாடத்தை மேலெழுதாமல், ஒவ்வொரு திருத்தத்தையும் புதிய வரிசையாக, நாளும் திருத்தியவர் பெயருமாகச் சேர்க்க வேண்டும். 2010-இல் வந்த தரவு மேக்ரோக்கள் மாற்றங்களை வேறோர் அட்டவணையில் பதியவல்லன. இருவர் ஒரே பதிவை ஒருங்கே திருத்தி, இரண்டாமவர் சேமிக்க முனையும்பொழுது அக்செஸ் மூன்று வழி கேட்கும்: தன் பாடத்தைச் சேமிப்பதா, அதனைப் படியெடுத்து வைத்துக்கொள்வதா, கைவிடுவதா? விரைவில் பலரும் முதலாவதை அழுத்திவிடுகின்றனர். முன்னவர் எழுதியது அக்கணமே மறைகிறது. இரண்டாவதை அழுத்தினால் இரண்டு பாடமும் பிழைக்கும். அவற்றை அருகருகே வைத்து, இருவரும் கூடி அமர்ந்து எது கவிஞருடையது என்று பார்க்கலாம்.