ஒரு நிமிஷம் நிற்க வைக்கும் புத்தகங்கள்

(தோட்ட வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் பெரட்டுக் களத்தில் வாசகர் வட்டம் பற்றி அறிவித்தபோது, ஒரு அக்கா கூடையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஐயா, புத்தகம் வாசிச்சா நெறை கூடுமாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. விடியுமுன் எழும்பி, சமைத்து, மலைக்குப் போய், மாலையில் நிறுவைக்கு நின்று, பிறகு விறகு, தண்ணீர், பிள்ளைகள் என்று ஓடுகின்ற ஒரு தாய் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது.

வாசித்தால் நிறை கூடாது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாசிப்பு நம்மை ஒரு நிமிஷம் நிற்க வைக்கும். ஒருவர் மேல் பழி போடுமுன், ஒரு கதையை நம்புமுன், பிள்ளை மேல் கை ஓங்குமுன், அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு பெறுமதியானது என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்து கொண்டோம். ஆகவே மூன்று வகையான புத்தகங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

முதலாவது: நம்ம சனத்தின் கதைகள்

கதைப் புத்தகம் என்றால் எங்கோ இருக்கும் ராஜா ராணி கதை என்று நினைக்க வேண்டாம். நமது லயத்தைப் பற்றி, நமது மலையைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் 1947இல் பாராளுமன்றம் போனவர், எழுத்தாளர், தொழிற்சங்கவாதி. அவரது 'வீடற்றவன்' நாவலில் தோட்டத்தில் சங்கம் அமைக்க முன்வந்தவன் பட்ட பாட்டைப் பார்க்கலாம். கோகிலம் சுப்பையா அவர்களின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பிக் கடல் கடந்து வந்த நமது பாட்டன் பாட்டிமாரின் கதை அது. என்.எஸ்.எம். இராமையா அவர்களின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதையில், ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையை மற்றவர்கள் நம்பாமல் சந்தேகப் பேச்சுப் பேசுகிறார்கள். நிறுவை நேரத்தில் நின்ற யாருக்கும் அந்தக் கதை புரியும். இதே பெயரில் அவரது சிறுகதைத் தொகுதி 1980இல் வெளிவந்தது.

கொஞ்சம் புதியதாக வேண்டுமென்றால், 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களின் 'குடை நிழல்' இருக்கிறது. 2010இல் வந்தது. போர்க்காலக் கொழும்பில் ஒரு மலையகத் தமிழனின் நிலை எப்படி இருந்தது என்பதை அதில் காணலாம். இந்தியாவில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த கொடுமையை டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார். அது இரா. முருகவேள் அவர்களின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. வாசிக்கும்போது, அங்கேயும் இதே கங்காணி, இதே குளிர், இதே கடன்தானா என்று நெஞ்சு அடைக்கும்.

இன்னும் ஒன்று. பெருமாள்முருகன் அவர்களின் 'பூனாச்சி', 2016இல் வந்த நாவல். ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. வளர்க்கும் ஆட்டுக்குக் கூட அரசாங்கத்தில் பதிவு வேண்டும் என்று அந்த ஏழைக் கிழவனும் கிழவியும் வரிசையில் நிற்கிறார்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் இதை வாசித்துக் காட்டுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த நமது பெரியவர்கள் இருந்தால், அவர்கள் வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அதைப் பிள்ளைகள் கேட்கட்டும். அந்தப் பெரியவர்களுக்குப் பின் சொல்ல ஆள் இருக்காது.

இரண்டாவது: துப்பறியும் கதைகள்

"துப்பறியும் கதை வாசிச்சா புள்ளை கெட்டுப்போகும்" என்று சில தகப்பன்மார் சொல்வதுண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், நாம் அப்போது வேலை செய்த தோட்டத்தில், ஒரு வீட்டில் மாமியாரின் தங்கத்தோடு ஒன்று காணாமல் போய்விட்டது. வேறு தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண் அந்த வீட்டு மருமகள். லயமே அவளைத்தான் சொன்னது. விஷயம் எம்மிடம் வந்தது. நாம் என்ன செய்திருக்க வேண்டும்? தோட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அன்று யார் யார் வீட்டில் இருந்தார்கள், கழற்றி வைத்தீர்களா, காதிலேயே இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்றையும் கேட்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்திருந்தா குடுத்துடு புள்ளை, பிரச்சினை இல்லாம முடிச்சிடலாம்" என்றோம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்து, மாமியார் தனது கம்பளியை வெயிலில் உதறியபோது மடிப்பிலிருந்து தோடு விழுந்தது. குடும்பத்தார் போய் அவளை அழைத்து வந்தார்கள். நாமும் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லைங்க ஐயா" என்றாள். ஆனால் நாம் அந்தத் தோட்டத்தை விட்டு வரும் வரைக்கும், பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையைத் தூக்கி வந்த நாட்களிலெல்லாம், அவள் எமது முகத்தைப் பார்த்ததே இல்லை.

நல்ல துப்பறியும் கதையில் எல்லோரும் சந்தேகப்படுகிறவன் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. வாசகன் ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டு ஏமாறுகிறான். நாலு கதையில் ஏமாந்தவன் ஐந்தாவது கதையில் "பொறு, சாட்சி எங்கே?" என்று கேட்கப் பழகுகிறான். இந்தப் பழக்கம் நமது லயத்துக்குத் தேவை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் செய்வினை என்கிறோம். பக்கத்து வீட்டில் புதுத் தொலைக்காட்சி வந்தால் காசு எங்கிருந்து வந்தது என்று கதை கட்டுகிறோம். வாசிக்காமலே கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறோம்.

வீட்டில் எல்லோரும் கூடிச் சிரித்து வாசிக்க, தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' நல்லது. அசட்டுச் சாம்பு அதிர்ஷ்டத்தால் கண்டுபிடிக்கும் கதைகள். சின்னப் பிள்ளைகளும் கேட்கலாம். பெரியவர்களுக்கு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. வக்கீல்கள் கணேஷும் வசந்தும், நடப்பது பேயின் வேலையா மனிதனின் சூழ்ச்சியா என்று தேடுகிறார்கள். முடிவை நாம் சொல்லமாட்டோம். இராத்திரியில் தனியாக வாசிக்கவும் வேண்டாம்! ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இளைஞர்களுக்கு நமது நாட்டவரான ஷெஹான் கருணாதிலக்கவின் நாவல் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் இறந்துபோன ஒரு புகைப்படக்காரன், தன்னைக் கொன்றது யார் என்று தானே தேடுகிறான். 2022இல் புக்கர் பரிசு பெற்றது. வயது வந்தவர்களுக்கு உரிய நூல் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

மூன்றாவது: மனதை நிதானப்படுத்தும் நூல்கள்

இப்போது கவனப் பயிற்சி, மனப் பயிற்சி என்று நிறையப் புத்தகங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். ஏழு நாளில் பணக்காரனாகலாம் என்று சொல்வதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நாம் மதிக்கும் ஒன்று, 2022இல் காலமான வியட்நாம் துறவி திக் நியட் ஹானின் சிறு நூல். 1970களில், அவரது நாட்டில் போர் நடந்த காலத்தில், அங்கே சமூகசேவை செய்த இளைஞர்களுக்காக எழுதிய நீண்ட கடிதம்தான் பிறகு புத்தகமானது. எமது வேலையும் அவர்களுடையதைப் போன்றது என்பதால் எமக்கு அதில் தனிப் பிரியம். கோப்பை கழுவும்போது கோப்பை கழுவுவதிலேயே மனதை வை என்பது அவர் சொல்லும் பாடம். உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆங்கிலத்தில் வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லட்டும். பிள்ளைக்கு ஆங்கிலமும் வரும், அம்மாவுக்கு விஷயமும் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் நமது தாய்மாருக்கு இது புதிதல்ல. ரெண்டு இலையும் ஒரு அரும்பும் பார்த்துக் கிள்ளும் கைக்குக் கவனம் என்றால் என்னவென்று தெரியும். மனம் வேறு எங்கோ போனால் கானில் கால் வழுக்கும். அந்தக் கவனத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவரச் சொல்கிறது புத்தகம், அவ்வளவுதான். கோபம் வரும்போது மூன்று மூச்சு எண்ணுங்கள். சாராயம் குடித்துவிட்டு வந்த புருஷனும் அல்ல, சத்தம் போடும் பிள்ளையும் அல்ல, அந்த நேரம் உங்கள் மூச்சை மட்டும் பாருங்கள். பிறகு பேசுங்கள். தகப்பன்மாருக்கும் இதையே சொல்கிறோம். கை ஓங்குமுன் மூன்று மூச்சு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூச்சை எண்ணினால் சம்பளம் கூடாது. அதற்குக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். அடிக்கிறவனைப் பொறுத்துக்கொள்ளவும் எந்த நல்ல புத்தகமும் சொல்லாது. தூக்கம் இல்லாமல், வாழ்வே வேண்டாம் என்று யாராவது சொன்னால், புத்தகத்தைக் கொடுத்து விட்டுவிடாதீர்கள். எம்மிடம் வாருங்கள், வைத்தியரிடம் கூட்டிப் போவோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

எப்படி வாசிப்பது?

ஒரு வீட்டில் ஒருவர் வாசித்தால் போதும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம், மற்றவர்கள் கேட்கட்டும். எழுத்துத் தெரியாத பாட்டியும் அப்போது வாசகர்தான். புத்தகம் வாங்கக் காசு தேவையில்லை. பிரதேச சபை நூலகத்தில் அங்கத்தவராகலாம். விண்ணப்பப் படிவம் நிரப்ப நாம் உதவுகிறோம். போன் வைத்திருக்கும் பிள்ளைகள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களை இலவசமாக வாசிக்கலாம். நமது மலையக எழுத்தாளர்களையும் அங்கே தேடிப் பாருங்கள்.

அந்த அக்கா இன்றைக்கும் வந்து பின்வரிசையில் இருக்கிறார். அக்கா, நிறை கூடாதுங்க. ஆனால் அன்றைக்கு நாம் நாலு துப்பறியும் கதை வாசித்திருந்தால், ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டு தாய் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். எம்மால் இதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

'ஒரு கூடைக் கொழுந்து' மேசை மேல் இருக்கிறது. முதலில் யார் எடுத்துப் போகிறீர்கள்?