புகையிலை வரியும் தோட்டத் தொழிலாளரும்

(ஹட்டன் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



புகையிலை வரியை உயர்த்த வேண்டும் என்று நான் சொன்னதும், "ஏழையின் மடியிலா கை வைக்கிறீர்?" என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1930 இல் வேதாரணியத்தில் உப்பு வரியை எதிர்த்துச் சிறை புகுந்த இனத்தவர் நாம். ஆனால் உப்பின்றி உயிர் வாழ முடியாது, புகையிலையின்றி வாழலாம். வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் சிகரெட்டின் தீர்வை அதன் நீளத்தைப் பார்த்து, ரூபாய்க் கணக்கில் விதிக்கப்படுகிறது. நீளம் குறைந்தால் தீர்வையும் குறைவு. ஆகவே நெடியதை வாங்க இயலாதவன் குறியதற்குத் தாவுகிறான், பழக்கம் விடுவதில்லை. இன்னொரு கேடும் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஏறியது. அரிசியும் மாவும் அப்படி ஏறும்போது தீர்வை அசையாது நின்றால், அரசாங்கத்தின் கைக்கு வருவது தேய்ந்த காசு. கம்பெனியோ தன் விலையைக் கூட்டி, அந்த இடைவெளியை இலாபமாக எடுத்துக் கொள்ளலாம். இலங்கைப் புகையிலைக் கம்பெனியின் பங்குகளில் ஐந்தில் நான்குக்கு மேல் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியிடம் உள்ளன. அந்த இலாபத்தின் பெரும்பகுதி எந்தக் கப்பலேறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தீர்வை விலைவாசியோடு ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும். நீள வேற்றுமை ஒழிய வேண்டும். 2016 அக்டோபரில் ஒரே வீச்சில் வரி கூடியபோது விற்பனை குறைந்ததைக் கண்டோம்.

தாய்மார்களே, இனிச் சொல்வது உங்களைப் பற்றியது. கொழுந்து மலையில் பசியை மறக்க வெற்றிலையோடு புகையிலைத் துண்டை மெல்லுகிறீர்கள். சிகரெட் வரி அதைத் தொடுவதில்லை. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலையை விலக்கினாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வு நிறுவனம் அறிவித்துவிட்டது. வரி ஒன்றே இதற்கு மருந்தாகாது. பசிக்கு மலையில் நேரத்தோடு உணவும், லயத்துக்கு வந்து வாயைச் சோதிக்கும் பல் வைத்தியரும் வேண்டும். (யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரருக்கு மாற்றுப் பயிர் காட்டுவதும் அரசின் கடனே. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பியவர்களை வெறுங்கையோடு விட்டுவிடக் கூடாது.)

வரிப்பணம் எங்கே போகும் என்பீர்கள். அரசியலமைப்பின் 149 ஆம் உறுப்புரைப்படி அது திரட்டு நிதியத்தில் சேரும். அங்கிருந்து ஹட்டனுக்குத் தானாக வராது. பாராளுமன்றம் ஒதுக்கினால்தான் வரும். ஆகவே நுவரெலியா மாவட்ட உறுப்பினர்களுக்கு ஒரு மனு வரைந்துள்ளோம். வரியை உயர்த்துக என்பது முதற் கோரிக்கை. தோட்ட வைத்தியசாலைகளுக்கும் வாய்ச் சோதனைக்கும் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தொகை குறிக்க என்பது இரண்டாவது. இரண்டையும் பிரித்து ஏற்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறோம். மனு அந்த மேசையில் இருக்கிறது; வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.